ஆடி மாதத்து இங்கிலீஷ் படங்கள்

சென்ற மாதம் என் மகளும் மருமகனும் கொடைக்கானலுக்குப் புறப்படும் முன் கைபேசியில் ஒரு கட்டுரையைக் காட்டினார்கள். காதல் விடுமுறையில் சேர்ந்து பார்க்க ஏற்ற பிரிட்டிஷ் படங்கள் என்று தலைப்பு. கீழே மழை, பழைய கல்வீடு, நீளக் கோட்டு போட்ட ஆண், அவனைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும் பெண். மலைக்குப் போய் அறைக்குள் உட்கார்ந்து படம் பார்ப்பதற்கு மலை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் இப்படிப்பட்ட கட்டுரைகளை இடத்துக்குத் தக்கபடி வெட்டிச் சுருக்கியே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அவற்றைப் படித்துவிட்டு யாராவது அதன்படி நடப்பார்கள் என்று நான் எண்ணியதில்லை.

என் சித்தியின் கணவரான சித்தப்பாவுக்கு அந்தக் காலத்தில் இப்படிக் கட்டுரை எதுவும் கிடைத்திருக்காது. தென்னூரில் ஒரு வீடியோ கடைக்காரர் இருந்தார். அவர் சொன்னதைச் சித்தப்பா அப்படியே கேட்டார்.

என் வயதை ஒட்டியவர்களுக்கு வீடியோ டெக்கை விளக்க வேண்டியதில்லை. டிவியோடு இணைத்துக் கேசட்டில் படம் ஓட்ட, ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு வந்து திங்கட்கிழமை காலை திரும்பிப் போகும் விருந்தாளி அது. எங்கள் வீட்டில் அது ஓர் ஆடி மாதம் முழுக்கத் தங்கியது. கூடவே ஒரு கலர் டிவியும், மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் டக் டக் என்று அடித்துக்கொள்ளும் ஸ்டெபிலைசரும். எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டி எங்கள் வீடு. ஆடிக் காற்றில் வாசல் கதவுக்குக் கல் முட்டுக்கொடுத்து வைத்திருப்போம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. சாலையில் நடப்பவர்களின் கால்களில் எல்லாம் மணல் ஒட்டியிருக்கும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவர்களுடைய பெற்றோர் முன்பே போய்விட்டார்கள். அதனால் சித்தி எங்கள் வீட்டில் வளர்ந்து, எங்கள் வீட்டிலிருந்தே டவுனில் இருந்த பெண்கள் கல்லூரிக்குப் போய் இங்கிலீஷ் பி.ஏ. படித்தாள். ஆனி மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருவெறும்பூர் பக்கத்துப் பெரிய தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். ஆடி பிறப்பதற்கு முந்தின நாள், எல்லாப் புதுப்பெண்களையும் போல, சித்தியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். ஒரு மாதம் கணவனும் மனைவியும் சந்திக்கக் கூடாது. ஏன் என்று கேட்டதற்கு "வெயிலு" என்று மட்டும் எனக்குச் சொல்லப்பட்டது. ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்ற கணக்கு எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அப்போது வெளியே ஆளைத் தள்ளும் காற்று அடித்துக்கொண்டிருந்தது, நான் குழம்பிப்போனேன்.

சித்தியை அழைத்துவந்த அன்று கூடவே வந்த சித்தப்பா என் அப்பாவிடம் பேசியது இரண்டே வாக்கியம்.

"கொடைக்கானல்ல ரூம் சொல்லியிருக்கேன். அடுத்த வாரம் விட்டா லீவு கிடைக்காது."

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். விதியென்று ஒன்று இருந்தால் அதற்கு விலக்கு என்ற பேச்சே அவரிடம் எடுபடாது.

"ஆடியிலயா? என்ன மாப்பிள்ள நீங்க. ஆடி கழியட்டும், கூட்டிட்டுப் போங்க. கொடைக்கானல் எங்க ஓடிடப் போகுது?"

சித்தப்பா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். உயரமான மனிதர். எங்கள் வாசல்படியைக் குனிந்து தாண்டியது நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அடுக்களையில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கூல் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தி வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, ஆடி முடிஞ்சதும் நான் அங்க போகல."

அம்மா கீரையிலிருந்து கையை எடுத்தாள். "அடிச்சாரா?"

"சேச்சே."

"குடிக்கிறாரா?"

"இல்லக்கா."

"பின்ன என்னடி?"

"பேசவே மாட்டேங்கிறார்."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. "அடிப் பாவி, பயந்தே போயிட்டேன். பேசாத புருஷன் கிடைக்க மாட்டாரான்னு நாங்கல்லாம் ஏங்கிட்டிருக்கோம். உங்க அத்தான ஒரு வாரம் கூட்டிட்டுப் போய் வச்சுக்க, அப்ப தெரியும்."

சித்தி சிரிக்கவில்லை. "சாப்பாடு போட்டா சாப்பிடறார். நல்லாருக்கான்னு கேட்டா தலைய ஆட்டறார். ஷிப்டுக்குப் போறார், வரார், தூங்கறார். ஒரு மாசமா நான் செவத்தோட பேசிட்டிருந்தேன்க்கா. என்னப் பிடிக்கலன்னா கட்டியிருக்கவே வேணாமே. நான் பி.எட். சேந்துக்கறேன். உங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

"வாய மூடு. இங்க யாரு பாரம்னு சொன்னா?"

அன்றிரவே அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அப்பா பொதுவாகச் சுவரைப் பார்த்து, "எல்லாம் ஆடி கழிஞ்சா சரியாயிடும்" என்றார். எனக்குச் சித்தி திரும்பி வந்ததில் மகிழ்ச்சி மட்டும்தான். அவள் இங்கேயே இருந்துவிடுவது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது.

அந்த வாரம்தான் டெக் வந்தது. சித்தப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் திருவானைக்காவலில் குடியிருந்தார். பருமனானவர், மொபெட்டில் போவார். சித்தப்பா பேச வேண்டியதையும் சேர்த்து அவர்தான் பேசுவார் போலிருந்தது. ஆட்டோவில் டிவியையும் டெக்கையும் ஏற்றி, தான் முன்னால் மொபெட்டில் வழிகாட்டி வந்து இறக்கினார்.

"கொடைக்கானல் போகலல்ல சார், அந்தக் காசுல ஒரு மாசத்துக்கு எடுத்துட்டார். மேடம் போரடிச்சு உக்காந்திருப்பாங்கன்னு. தென்னூர்ல கடக்காரர்கிட்ட நானும் கூடப் போனேன். புதுசா கல்யாணமானவங்க ஹனிமூன்ல பாக்கிற மாதிரி படம் வேணும், ஆனா வீட்ல பெரியவங்க, கொழந்தைங்க எல்லாம் உக்காந்து பாக்கணும்னு கேட்டாரு. கடக்காரர் யோசிச்சுட்டு, அமெரிக்கா படம் வேணாம் சார், அவனுங்கள நம்ப முடியாது, பிரிட்டிஷ் படம் எடுத்துட்டுப் போங்க, ரொம்ப டீசன்ட், கடைசி வரைக்கும் தொடவே மாட்டாங்கன்னாரு."

சித்தி உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அவர் இவ்வளவு பேசினாரா?" என்று அம்மாவிடம் மட்டும் கேட்டாள்.

ஏற்பாடு இப்படி. சித்தப்பா கேசட்டை எடுப்பார். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் ஒரு டெக் இருந்தது. அங்கே போட்டுப் பார்ப்பார். பிறகு மொபெட்காரர் அதை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் பார்த்தபின் அப்பா அலுவலகம் போகும் வழியில் தென்னூரில் திருப்பிக் கொடுப்பார். வாரம் ஒரு படம்.

கேசட் வந்ததும் அப்பா செய்யும் முதல் காரியம், அதை டெக்கில் போட்டு ஆரம்பத்துக்குச் சுற்றுவது. "நடுவுல நிறுத்தி அனுப்பறார் பாரு. ஒரு பொருளைக் கடைசிலேர்ந்து மொதலுக்குக் கொண்டாந்து வைக்கணும்ங்கிற ஒழுங்கு வேணாமா?" டெக்கின் வயிற்றுக்குள் பூனை உறுமுவதுபோல ஒரு சத்தம் எழும்பும், பிறகு டக்கென்று நிற்கும். சூடேறிய பிளாஸ்டிக் வாசனை கூடத்தில் பரவும். அதற்குப் பிறகுதான் நாங்கள் உட்காரலாம்.

கடைக்காரரின் உத்தரவாதத்தை அப்பா நம்பவில்லை. டெக்கை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, விரலை வேகமாக ஓட்டும் பொத்தான்மேல் வைத்தபடியே படம் பார்த்தார். இங்கிலீஷ் படத்தில் தப்பான காட்சி எப்போது வரும் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. ஆணும் பெண்ணும் பேச்சை நிறுத்தினால் அடுத்து அது வரும். ஆகவே யார் பேச்சை நிறுத்தினாலும் அப்பா பொத்தானை அழுத்தினார். திரையில் கோடுகள் ஓடும், மனிதர்கள் எறும்புபோல ஓடுவார்கள். மறுபடி யாராவது வாயைத் திறந்ததும் விரலை எடுப்பார்.

முதல் படத்தில் கடற்கரை ஊர் ஒன்றில், குளிர்காலத்தில், ஒரு டீச்சரம்மா வாடகை அறையில் வந்து தங்குகிறாள். இரண்டாவதில் ரோஜாப்பூப் போட்டியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பேர். மூன்றாவது என்னவென்று மறந்துவிட்டது. அதில் ஒரு தபால்காரர் வந்தார். எங்களுக்குப் புரியட்டும் என்று சித்தி ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னாள். மூன்று படங்களிலும் ஒருவர் கன்னத்தைக்கூட ஒருவர் தொடவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, நாங்கள் பார்த்ததெல்லாம் பேச்சு மட்டுமே. டீ குடித்துக்கொண்டே பேசினார்கள், நடந்துகொண்டே பேசினார்கள், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பேசினார்கள். வெள்ளைக்காரர்கள் மூச்சுவிடாமல் பேசுகிற ஜாதி என்ற எண்ணம் எனக்கு வேலைக்குப் போன பிறகும் இருந்தது. முதல்முறையாக ஓர் ஆங்கிலேயப் பத்திரிகையாளரைச் சந்தித்தபோதுதான் அது தகர்ந்தது. அவர் என்னிடம் குட்மார்னிங் சொல்வதற்கே மதியமாகிவிட்டது.

அப்பாவின் எண்ணம் வீட்டு மானத்தைக் காப்பாற்றுவது. நடந்தது வேறு.

"பாத்தியாக்கா," என்றாள் சித்தி, இரண்டாவது படம் முடிந்ததும். "ஒரு டீ குடிக்கிறதுக்குள்ள வெள்ளக்காரன் எவ்வளவு பேசறான். இதப் பாத்துட்டுத்தானே அவரும் அனுப்பறார்? பாத்தாவது தோண வேணாம்?"

மூன்றாவது படத்துக்கு மறுநாள் சித்தி பி.எட். பற்றி விசாரிக்கத் தோழி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். சித்தியின் புடவைகளில் பாதி திருவெறும்பூரில் இருந்தன. அவற்றை யார் போய் எடுத்துவருவது என்று அம்மாவும் அவளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மொபெட்காரர் வாசலில் நின்று, "மேடம் ஏதாவது சொல்லணுமான்னு கேக்கச் சொன்னார்" என்றபோது சித்தி, "ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க" என்றாள்.

நான்காவது கேசட் வந்த சனிக்கிழமை அப்பா வீட்டில் இல்லை. லால்குடியில் ஒரு சொந்தக்காரரின் காரியத்துக்குப் போயிருந்தார், ஞாயிறு மாலைதான் வருவார். அப்பா இல்லாமல் டெக்கைத் தொடலாமா என்று அம்மா தயங்கினாள். நான்தான் கேசட்டைத் தள்ளினேன். அது அப்படியே, நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

மலைச்சரிவு. மரமே இல்லாத, புல் மட்டும் இருக்கிற மலை. மழை. ஒரு பெண் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஓர் ஆள் குடையோடு நிற்கிறான். குடை முழுவதும் அவள் தலைக்கு மேல் இருக்கிறது. அவனுடைய தலை, தோள், கோட்டு எல்லாம் நனைந்து நீர் சொட்டுகிறது. இரண்டு பேரும் பேசவில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவுமில்லை. இப்போது பேசுவார்கள், இப்போது பேசுவார்கள் என்று நான் காத்திருந்தேன். பொத்தானை அழுத்த யாரும் இல்லாததால் அந்தக் காட்சி தன்போக்கில், வெகுநேரம், நீடித்தது. ஸ்டெபிலைசர் மட்டும் இருமுறை அடித்துக்கொண்டது.

சித்தி எழுந்து போய் டெக்கை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் சுற்றி அதே காட்சியை மறுபடி பார்த்தாள்.

"நடுவுலேர்ந்து வருதேக்கா?"

"எப்பவும் அப்படித்தானே வரும். உங்க அத்தான்தான் திட்டிட்டே சுத்தி வைப்பார்."

"எப்பவுமா? மொத மூணுமா?"

"ஆமாண்டி. ஏன்?"

சித்தி உட்கார்ந்துவிட்டாள். "அது எங்க எங்க நின்னுதுன்னு அத்தான் பாத்தாரா?"

"அவர் எங்க பாத்தார். போட்டதும் சுத்திடுவாரே."

கல்யாணப் புடவையைத் துவைக்கப் போட்டபோதுகூடச் சித்தி அவ்வளவு பதறிப் பார்த்ததில்லை. மற்ற மூன்றும் தென்னூருக்குத் திரும்பிப் போய்விட்டன, வேறு யார் யாரோ அவற்றைச் சுற்றியிருப்பார்கள். அவள் கேசட்டை முதலுக்குக் கொண்டுபோய், படம் முழுவதையும் பார்த்தாள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மலைக்கு விடுமுறைக்கு வருகிறார்கள், வந்த இடத்தில் அவர்களுடைய நாய் தொலைந்துபோகிறது. அவ்வளவுதான் கதை. யாரும் அதிகம் பேசவில்லை. அம்மா பாதியில் தூங்கிவிட்டாள். எனக்கு அது மிக நீளமான படமாக இருந்தது.

ஞாயிறு காலை சித்தி தலைக்குக் குளித்துப் புடவை கட்டி வந்து நின்றாள்.

"நான் போய் அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வந்துடறேன்."

"ஆடியிலயா? பைத்தியமாடி உனக்கு? உங்க அத்தான் வந்தா என்னைக் கொன்னுடுவார்."

"பதில் என்னன்னு தெரியாம நான் எப்படிக்கா இங்க இருந்துடறது?"

அம்மா அப்பாவின் மனைவியாகவே ஒரு நிபந்தனை போட்டாள். "நானும் வரேன். வாசல் கேட்டுக்கு வெளியில நின்னுதான் கேக்கணும். படி தாண்டக் கூடாது. கேட்டுட்டு அடுத்த பஸ்ல திரும்பிடணும்." வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் என்னையும் அழைத்துக்கொண்டார்கள்.

சத்திரம் பஸ் நிலையத்தில் மாறி ஏறினோம். குவார்ட்டர்ஸ் பகுதியில் எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லா வாசலிலும் ஒரு வேப்பமரம். சித்தி தடுமாறாமல் நடந்தாள். சித்தப்பா வீட்டுக்கு முன்னால் குழாயடியில் உட்கார்ந்து தொழிற்சாலைச் சட்டைக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு சோப்போடு எழுந்து நின்றார்.

"வாங்கக்கா," என்றார் அம்மாவைப் பார்த்து.

"இருக்கட்டும் தம்பி. நாங்க உள்ள வரல. இவ ஏதோ கேக்கணுமாம்."

சித்தி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அந்தப் படத்த நடுவுல நிறுத்தி அனுப்பியிருந்தீங்கல்ல. அந்தக் குடை வர்ற எடம். அது நான் பாக்கணும்னுதானே?"

ஆமாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லுங்கள் என்று அம்மாவின் முகம் வெளிப்படையாகக் கெஞ்சியது. அவர் யோசித்தார்.

"இல்ல," என்றார். "ஷிப்ட் பஸ் வந்துடுச்சு."

"மத்த படங்களும்?"

"அதுவும் பஸ்தான்."

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "சரி, கேட்டாச்சுல்ல. வாடி போலாம்."

சித்தி கம்பியை விடவில்லை. "அப்ப மீதிப் படத்த எப்பப் பாத்தீங்க?"

"பாக்கல. ஒண்ணுக்கும் முடிவு தெரியாது."

"முழுசா பாக்க முடியாதுன்னு தெரியும்ல? பின்ன எதுக்குப் பக்கத்து வீட்ல போய் உக்காந்து பாதி பாக்கறீங்க?"

அவர் கையிலிருந்த சோப்பைப் பார்த்தார். நுரை மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது. "கொடைக்கானல் போயிருந்தா நீ பாக்கிறத நானும் பாத்திருப்பேன். அது இல்லன்னு ஆயிடுச்சு. இதையாவது நீ பாக்கிறதுல பாதி..." அதற்குமேல் வரவில்லை.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அப்பா இருந்திருந்தால் அந்த இடத்தை ஓட்டியிருப்பார்.

"அந்த நாய்," என்றார் சித்தப்பா.

"என்னது?"

"மலையில தொலஞ்சு போச்சே. கெடச்சுதா? ரெண்டு நாளா மிஷின்ல நிக்கறப்ப அதே நெனப்பு."

அவர் சித்தியைக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு மாதம் கூட இருந்ததில் அவர் தன்னை எதுவும் கேட்டதாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"கெடச்சுது," என்றாள் சித்தி. "ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. அதுக்கு முன்னாடி அந்த டீச்சரம்மா கதை என்னாச்சுன்னு தெரிய வேணாமா? ரோஜாப்பூ யாருக்குப் பரிசு கெடச்சுதுன்னு? உக்காருங்க. மொதல்ல அந்தச் சோப்பக் கீழ வைங்க."

கேட்டைத் திறந்து வீட்டுக்குள் போனாள், அவரும் பின்னாலேயே போனார். படியைத் தாண்டியதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அம்மா, "ஏய், ஆடி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். உள்ளே சித்தி பேசத் தொடங்கிவிட்டாள். அவளுடைய குரல் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு தடவை, "அப்புறம்?" என்று ஓர் ஆண்குரல்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா வா, பஸ் போயிடும்."

தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சம் கிடையாது. நாங்கள் போய் நின்றதும் ஒன்று வந்தது. அம்மா கை காட்டவில்லை, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொன்று வந்து போனது. தெருவில் யாரும் வரவில்லை. அடுத்ததில் ஏறினோம்.